தார்ச்சாலைக்கும் தேரி மணலுக்கும் ஒரே டயர்

வாரத்தில் ஐந்தாறு நாள் நகரத்துத் தார்ச்சாலையில் அலுவலகத்துக்கும் பள்ளிக்கும் ஓடி, விடுமுறை நாளில் மலைத்தடத்திலோ மணற்பரப்பிலோ இறங்கும் வாகனத்துக்கு டயர் தேர்ந்தெடுப்பது, கடையில் ஒரு பொருளை வாங்கும் வேலையாகத் தோன்றினாலும், உண்மையில் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு இயற்பியல் சிக்கல்களுக்கு ஒரே விடை தேடும் முயற்சியாகும். தார்ச்சாலையில் தரை அசைந்து கொடுப்பதில்லை; ரப்பர்தான் நசுங்கியும் வளைந்தும் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து பிடித்துக்கொள்கிறது; ஆகையால் அங்கே பிடிப்பின் எல்லையை வகுப்பது ரப்பர். மண்ணில் இறங்கியதும் முதலில் விட்டுக்கொடுப்பது தரை. அங்கே சக்கரம் சுழன்றும் வண்டி நகராமல் நிற்கும்போது, பெரும்பாலும் ரப்பர் மண்ணின்மேல் வழுக்குவதில்லை. பட்டன்களுக்குள் சிக்கிய மண் தனக்குக் கீழுள்ள மண்ணின்மேல் அடுக்கோடு நழுவுகிறது. அதாவது, அங்கே எல்லையை வகுப்பது மண். டயரின் மேற்பரப்பில் எழும்பி நிற்கும் ரப்பர்க் கட்டிகளைப் பட்டறைகளில் பட்டன் என்றே சொல்வதால், இந்த அத்தியாயத்திலும் அச்சொல்லே ஆளப்படுகிறது.

இந்த இரு நிலைகளின் கணக்கிலும் ஒரே மனிதரின் பெயர் பதிந்திருப்பது அறிவியல் வரலாற்றின் இனிய தற்செயல்களில் ஒன்று. மின்னூட்ட விதியின் வழியாகப் பள்ளி மாணவர்களும் அறிந்த பிரெஞ்சு இராணுவப் பொறியாளர் கூலும், 1773-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்த கட்டுரையில் மண் எப்போது சரியும் என்பதையும், 1781-இல் பரிசு பெற்ற மற்றொரு கட்டுரையில் திண்மப் பொருள்கள் ஒன்றின்மேல் ஒன்று உராயும் விதத்தையும் ஆராய்ந்தார். உராய்வு என்பது அழுத்தும் எடையைச் சார்ந்தது, தொடும் பரப்பைச் சார்ந்ததன்று என்ற இரண்டாவது முடிவு மரத்துக்கும் இரும்புக்கும் ஏறக்குறையப் பொருந்தும், ரப்பருக்குப் பொருந்தாது. ரப்பர் மீதான அழுத்தம் ஏற ஏற அதன் உராய்வுக் குணகம் குறைகிறது; எனவே அதே எடையை அகன்ற பரப்பில் பரப்பிவைத்தால் உலர்ந்த சாலையில் கூடுதல் பிடிப்புக் கிடைக்கிறது. மண்ணைப் பற்றிய முதல் முடிவோ இன்றளவும் மண்ணியல் பொறியாளர்களின் அன்றாடக் கருவியாக இருக்கிறது. மண் நழுவாமல் தாங்கும் விசைக்கு இரண்டு கூறுகள் உண்டு என்கிறது அது: துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் பிணைவு ஒன்று, அது தொடும் பரப்போடு பெருகும், துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று உரசுவதால் வரும் உள் உராய்வு மற்றொன்று, அது அழுத்தும் எடையோடு பெருகும்.

தமிழ்நாட்டின் தென்கோடியிலேயே இந்த இரண்டு கூறுகளையும் தனித்தனியே காணலாம். தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளம், குதிரைமொழிப் பகுதிகளில் பரந்துகிடக்கும் செம்மணல் மேடுகளான தேரிகளில், கோடையில் மேல்மணலுக்குப் பிணைவு என்பது அநேகமாக இல்லை. அங்கே இழுவிசை முழுவதும் உள் உராய்விலிருந்தே வர வேண்டும். உலர்ந்த மணலின் உள் உராய்வுக் கோணம் 30 பாகையை ஒட்டியோ அதற்குச் சற்று மேலோ இருப்பதால், வண்டியின் எடையில் பாதிக்கும் மேற்பட்ட இழுவிசையை மணல் தரத் தயாராகவே இருக்கிறது. தொல்லை வேறிடத்தில் எழுகிறது. சக்கரம் புதையப் புதைய, தனக்கு முன்னால் குவியும் மணலைத் தள்ளிக்கொண்டே ஏற வேண்டியிருக்கிறது; கிடைத்த இழுவிசை முழுவதையும் அந்தத் தடையே விழுங்கிவிடுகிறது. ஆகவே மணலில் வேண்டுவது பிடிப்பைவிடப் புதையாமை. ஆழமான பட்டன்கள் கொண்ட முரட்டு டயர் அங்கே குழி தோண்டும் கருவியாகவே மாறுகிறது. கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் காடுகளில் நிலைமை நேர்மாறானது. மழைக்காலத்தில் நீரை உறிஞ்சி உப்பும் களித்துகள்கள் நிறைந்த அந்த மண்ணில் உள் உராய்வு மிகவும் குறைந்துபோய்ப் பிணைவு மட்டுமே எஞ்சுகிறது. அந்தப் பிணைவும் ஈரம் ஏற ஏறத் தளர்கிறது. போதாக்குறைக்கு, கரிசல் மண் பட்டன்களின் இடைவெளிகளை அடைத்துக்கொண்டு எந்த டயரையும் சில சுற்றுகளிலேயே மொட்டை டயர் ஆக்கிவிடும். இடைவெளி அகன்றிருந்தால் சக்கரம் வேகமாகச் சுழலும்போது மண் வெளியே வீசப்படும் என்பதே மண்ணுக்கென்று வடிவமைத்த டயர்களின் அடிப்படை. ஆனாலும், நன்கு ஊறிய கரிசலில் இறங்காமல் இருப்பதே அறிவுடைமை. அதற்கு ஈடான டயர் எந்தக் கடையிலும் விற்பனைக்கு வருவதில்லை. (தேரிகளிலும் மலைகளிலும் பல இடங்கள் காப்புக்காடுகள் என்பதால், டயருக்கு முன்பே வனத்துறையின் அனுமதியும் வேண்டும்.)

தரைக்கும் சக்கரத்துக்குமான இந்த உறவை ஒரு தனித் துறையாக வளர்த்தவர் போலந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய பெக்கர். 1956-இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறைக்கு அடித்தளமிட்டது. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் நிலவின்மீது ஓடிய ஊர்தியின் கம்பிவலைச் சக்கரங்களிலும் அவருடைய பங்கு உண்டு. டயர் தரையைத் தொடும் பகுதியைத் தடம் என்றால், சம பரப்புள்ள இரண்டு தடங்களில், அகன்று குட்டையானதைவிடக் குறுகி நீண்ட தடமே மென்மையான தரையில் குறைந்த தடையைச் சந்திக்கும் என்பது அவருடைய கணக்குகளிலிருந்து கிடைக்கும் முக்கியமான பாடம். அகன்ற டயர் கம்பீரமாகத் தெரிவதால் அதுவே மண்ணுக்கும் ஏற்றது என்று கருதும் பரவலான நம்பிக்கையை இந்தப் பாடம் அசைத்துப் பார்க்கிறது. தடத்தை நீளமாக்குவதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. அது காற்றைக் குறைப்பது.

காற்றழுத்தம் என்ன செய்கிறது என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து 1,600 கிலோ எடையுள்ள வண்டியில் ஒவ்வொரு சக்கரமும் ஏறக்குறைய 400 கிலோவைத் தாங்குகிறது. டயருக்குள் 32 பி.எஸ்.ஐ., அதாவது ஒரு சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு அழுத்தம் இருந்தால், அந்த எடையைத் தாங்குவதற்குத் தரையைத் தொடவேண்டிய பரப்பு சுமார் 178 சதுர சென்டிமீட்டர், அதாவது விரல்களோடு விரித்துவைத்த ஒரு கையின் அளவு. வண்டியின் வேகம், திருப்பம், நிறுத்தம் ஆகிய அனைத்தும் இத்தகைய நான்கு கையகலங்களின் வழியாகவே நடைபெறுகின்றன. அழுத்தத்தை 16 ஆகக் குறைத்தால் கணக்கின்படி பரப்பு இரட்டிக்க வேண்டும். பக்கச்சுவரின் விறைப்பும் எடையில் ஒரு பங்கைத் தாங்குவதால் உண்மையில் அவ்வளவு பெருகுவதில்லை. ஆனால் பெருகும் பரப்பின் பெரும்பகுதி அகலத்தில் அன்றி நீளத்தில் கூடுகிறது. பெக்கர் வேண்டியதும் அதுவே.

பெக்கரின் நூலுக்கு முன்பே பாலைவனம் இதைச் சிலருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. 1920-களின் இறுதியிலும் 1930-களின் தொடக்கத்திலும் எகிப்து, லிபியப் பாலைவனங்களில் ஃபோர்டு கார்களை ஓட்டித் திரிந்த பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி ரால்ஃப் பேக்னால்டும் அவருடைய தோழர்களும், டயரின் காற்றைக் குறைத்துக்கொண்டால் கடக்க முடியாதவை என்று கருதப்பட்ட மணற்குன்றுகளையும் கடக்கலாம் என்பதைக் கண்டனர். அதே பேக்னால்டு காற்றில் பறக்கும் மணலின் இயற்பியலைப் பற்றி 1941-இல் வெளியிட்ட நூல், பின்னாளில் செவ்வாய்க் கோளின் மணற்குன்றுகளை ஆராய்வோருக்கும் துணையாயிற்று. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா உருவாக்கிய டக் என்னும் நீர்நில ஊர்தியிலோ, ஓட்டுநர் தம் இருக்கையில் இருந்தபடியே டயரின் காற்றை ஏற்றவும் இறக்கவும் வசதி செய்யப்பட்டது. கடற்கரை மணலில் ஏறும்போது ஒன்று, கெட்டியான சாலையை எட்டியதும் மற்றொன்று என்று, ஒரே டயர் இரண்டு டயர்களாக வேலை செய்தது. அந்த வசதி இல்லாத இன்றைய சொந்த வாகனத்தில், ஓர் அழுத்தமானியும் வண்டியின் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் சிறு கம்ப்ரசரும் அதே வேலையைச் சற்று மெதுவாகச் செய்துவிடும். டயருக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை இவ்விரண்டுக்கும் ஒதுக்காதவர் எவ்வளவு விலையுயர்ந்த டயரை வாங்கினாலும் அதன் பயனில் பாதியை இழக்கிறார் என்று துணிந்து கூறலாம்.

இனி ரப்பருக்கு வருவோம். தார்ச்சாலையில் ரப்பர் இரண்டு வழிகளில் பிடிக்கிறது. மூலக்கூறுகள் சாலைக் கற்களின் மேற்பரப்போடு கணநேரம் ஒட்டிப் பிரிவது ஒன்று. இதை ஒட்டல் எனலாம். கற்களின் கூர்மையான நுனிகள் ரப்பரை அமுக்கும்போது அது உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் சற்றுத் தாமதித்துத் திரும்புவதும், அந்தத் தாமதத்தில் ஆற்றல் வெப்பமாக வீணாவதும் மற்றொன்று. இயற்பியலில் இதற்குத் தயக்கம் என்று பெயர். சாலை நனைந்தவுடன் நீர்ப்படலம் ஒட்டலைத் துண்டித்துவிடுவதால், மழையில் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு தயக்கத்தைச் சார்ந்திருக்கிறது. ஆனால் டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நிமிரும்போது எரிபொருளைத் தின்னும் உருளல் தடையும் இதே தயக்கத்தின் விளைவுதான். மழைப்பிடிப்பும் எரிபொருள் சிக்கனமும் ஒரே பண்பை எதிரெதிர்த் திசையில் இழுக்கின்றன என்பது டயர் வேதியியலின் மையச் சிக்கல்.

இதற்கு ஒரு வாயில் உண்டு. உருளும் டயர் ஒரு நொடிக்குப் பத்துத் தடவையை ஒட்டியே நசுங்குகிறது; சாலைக் கற்களின் நுனிகளோ, பிரேக் அடிக்கும்போது, ரப்பரை நொடிக்குப் பல்லாயிரம் தடவைக்கும் மேல் அதிரவைக்கின்றன. தாழ்ந்த அதிர்வெண்ணில் தயக்கம் குறைந்தும் உயர்ந்த அதிர்வெண்ணில் மிகுந்தும் இருக்குமாறு கலவையை அமைத்துவிட்டால் இரண்டு பயனும் கிடைக்கும். ரப்பரோடு வழக்கமாகச் சேர்க்கும் கரித்தூளான கார்பன் பிளாக்குக்குப் பதிலாக, பொருத்தமான இணைப்பு வேதிப்பொருளோடு சிலிக்காவைச் சேர்த்து மிஷ்லான் நிறுவனம் 1990-களின் தொடக்கத்தில் சந்தைக்குக் கொண்டுவந்த டயர்கள் இந்த வாயிலைத் திறந்தன. ஆனால் கூர்ங்கற்களின்மேல் ஏறும் டயருக்கு வெட்டுப்படாமையும் சில்லுச் சில்லாகப் பெயராமையும் முதன்மையானவை என்பதால், முரட்டு டயர்களின் கலவையில் இயற்கை ரப்பரும் கார்பன் பிளாக்கும் மேலோங்கி நிற்கின்றன. இயற்கை ரப்பரை இழுக்கும்போது அதன் நீள்சங்கிலி மூலக்கூறுகள் வரிசையாகப் படிந்து படிகமாகின்றன; விரிசலின் நுனியில் இழுவை மிகுவதால் அங்கேயே படிகம் தோன்றி விரிசலைத் தடுத்துவிடுகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் மரத்தைச் சீவி வடிக்கும் பாலின் இந்தப் பண்பைச் செயற்கை ரப்பர் வகைகள் இன்னும் முழுமையாக எட்டவில்லை. லாரி, விமான டயர்களில் இயற்கை ரப்பர் நீடிப்பதற்கு இதுவே காரணம். மொத்தத்தில், கல்லுக்கு அஞ்சாத கலவை மழைச்சாலையில் சற்றுப் பின்தங்கும். மழைச்சாலைக்கென்று தேர்ந்த கலவை கல்லில் சற்று விரைவில் கிழியும்.

கடையில் வாங்குவோர் இந்தக் கலவையைப் பார்ப்பதில்லை, பார்க்கவும் முடியாது. அவர்கள் கண்ணுக்குத் தெரிவது பட்டன்களின் அமைப்பு மட்டுமே. அதனால் அதற்கு அளவுக்கு மீறிய மதிப்பு வந்துவிட்டது. டயர்கள் பொதுவாக எச்.டி. எனப்படும் நெடுஞ்சாலை வகை, ஏ.டி. எனப்படும் எல்லாத் தரைக்குமான வகை, எம்.டி. எனப்படும் சேற்று வகை என்று மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன. இவற்றுக்குச் சட்டம் வகுத்த வரையறை ஏதுமில்லை. ஒரு நிறுவனத்தின் ஏ.டி. மற்றொன்றின் எச்.டி.யைப் போலவே இருப்பதும் உண்டு. முதல் வகையில் பள்ளங்களின் பங்கு குறைவு, ரப்பரின் பங்கு மிகுதி. மூன்றாவதில் பள்ளம் ஏறக்குறையப் பாதியை எட்டுகிறது, பட்டன்களும் உயரமானவை. உயரமான பட்டன் தார்ச்சாலையில் பிரேக் அடிக்கும்போதும் திரும்பும்போதும் அடிப்பக்கம் நிற்க நுனிப்பக்கம் சாய்கிறது. இந்தச் சாய்வினால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே திரும்பாமல் சற்றுத் தாமதிக்கிறது, ரப்பர் சூடேறுகிறது, தேய்மானமும் சீரற்றுப்போகிறது. சாலையைத் தொடும் ரப்பர் குறைவு என்பதோடு, நீர்ப்படலத்தை வெட்டும் மெல்லிய கீறல்களும் எம்.டி. டயர்களில் அரிதாகவே இருப்பதால், மழைச்சாலையில் அவை நின்று சேரும் தூரம் மிகுகிறது. இரைச்சலையும் கணக்கிட்டுவிடலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம் என்பது நொடிக்கு 22 மீட்டருக்குச் சற்று மேல். 5 சென்டிமீட்டருக்கு ஒரு பட்டன் இருந்தால் நொடிக்கு 440-க்கும் மேற்பட்ட அறைகள் சாலையில் விழுகின்றன. இது காதுக்கு நன்றாகக் கேட்கும் ஒற்றைச் சுருதி. இந்த ரீங்காரத்தைக் கலைக்கவே பட்டன்களின் நீளத்தை ஒழுங்கில்லாமல் மாற்றி மாற்றி அமைக்கிறார்கள்.

பக்கச்சுவரில் உள்ள எம் பிளஸ் எஸ் என்னும் குறியைச் சேற்றுக்கும் பனிக்கும் கிடைத்த சான்றிதழாகக் கொள்வது தவறு. அது பட்டன் அமைப்பின் வடிவத்தைக் கொண்டு நிறுவனமே இட்டுக்கொள்வது. மூன்று சிகரங்களுக்கு நடுவே பனித்துகள் வரைந்த குறிதான் சோதனையில் தேறியதற்கு அடையாளம். அதன் பயனும் லடாக்கின் குளிர்காலத்தில் ஓட்டுபவருக்கே.

பட்டனைவிட முக்கியமான பகுதி டயரின் உடற்கூடு. மிஷ்லான் 1946-இல் காப்புரிமை பெற்ற ரேடியல் அமைப்பில், இழைகள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேர்க்குறுக்காக ஓடுகின்றன. பட்டனுக்கு அடியில் எஃகுக் கம்பிப் பட்டைகள் சுற்றிவருகின்றன. இதனால் தரையைத் தொடும் பகுதி விறைப்பாகவும் பக்கச்சுவர் நெகிழ்வாகவும் அமைந்து, தேய்மானமும் உருளல் தடையும் வெகுவாகக் குறைந்தன. ஆனால் கார்களுக்கான ரேடியல் டயரின் பக்கச்சுவரில் பெரும்பாலும் ஒன்றிரண்டு இழையடுக்குகளே உள்ளன, எஃகு இல்லை. பட்டன் பகுதியில் ஆணி ஏறினால் பஞ்சர் கடையில் தீர்ந்துவிடும். பக்கச்சுவரைக் கல் கிழித்தால் அந்த டயர் அத்தோடு முடிந்தது. தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்கு, கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து ஜீப்புகள் ஏறும் பாதையைப் போன்ற, கற்கள் துருத்தி நிற்கும் தடங்களில் டயர்களுக்கு நேரும் ஆபத்து இந்த வகையானது. அங்கே பட்டன் எவ்வளவு முரடு என்பதைவிடப் பக்கச்சுவர் எத்தனை அடுக்கு என்ற கேள்வியே பயனுள்ளது.

இந்தத் தேவைக்காக எல்.டி. என்னும் இலகு லாரி வகை டயர்கள் கூடுதல் இழையடுக்குகளோடு செய்யப்படுகின்றன. அவற்றை வாங்குவோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: அதே அளவுள்ள சாதாரணக் கார் டயர் 35 பி.எஸ்.ஐ.யில் தாங்கும் எடையைத் தாங்க, எல்.டி. டயருக்குக் கணிசமாகக் கூடுதல் காற்று வேண்டும். அது அதிக எடைக்கென்று கட்டப்பட்டது என்பது உண்மை. ஆனால் அந்த வலிமை உயர்ந்த அழுத்தத்தில்தான் வெளிப்படுகிறது. ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள அட்டவணை, வண்டியோடு வந்த டயருக்கு உரியது. வகையை மாற்றியவர் புதிய டயரின் சுமை அட்டவணையைப் பார்த்தே காற்றடிக்க வேண்டும். பக்கச்சுவரில் அளவை அடுத்து வரும் எண் சுமைக்குறியீடு. 104 என்றால் 900 கிலோ, 109 என்றால் 1,030 கிலோ. அதை ஒட்டிய எழுத்து வேகத்தின் எல்லை, பல எம்.டி. டயர்களில் காணப்படும் கியூ என்பது மணிக்கு 160 கிலோமீட்டர். இந்த இரண்டும் வண்டி நிறுவனம் குறித்ததற்குக் கீழே இறங்கலாகாது. கூடுதல் இழையடுக்குகளுக்கு எடையிலும் விலை உண்டு. சக்கரம் நகர்வதோடு சுழலவும் செய்வதால், அதன் விளிம்பில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வண்டியை முடுக்கும்போது ஏறக்குறைய இரண்டு கிலோவாக உணரப்படும். நகரத்தில் நின்று நின்று கிளம்பும் வண்டிக்கு இது எரிபொருள் கணக்கில் தெரியும்.

அளவுகளையும் எண்களாலேயே பேச வேண்டும். மஹிந்திரா நிறுவனம் 2020-இல் வெளியிட்ட தார் வண்டி ஒரு வகையில் 245/75 ஆர் 16 டயரோடும், மற்றொரு வகையில் 255/65 ஆர் 18 டயரோடும் வந்தது. முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது எண் அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் நூற்றுக்கு எத்தனை என்பது. கடைசி எண் ரிம்மின் விட்டம் அங்குலத்தில். ஆக, முதல் டயரின் பக்கச்சுவர் 184 மில்லிமீட்டர், மொத்த விட்டம் 774. இரண்டாவதன் பக்கச்சுவர் 166, மொத்த விட்டம் 789. பெரிய ரிம் கொண்ட வகை விலையும் தோற்றமும் கூடியது. ஆனால் காற்றைக் குறைத்து ஓட்டுவதற்கு வேண்டிய நெகிழும் உயரம் சிறிய ரிம்மில்தான் மிகுதி. பக்கச்சுவர் குறையக் குறைய, கல்லில் மோதும்போது ரிம் நெளியும் வாய்ப்பும் கூடுகிறது. கரடுமுரடான பாதையை உண்மையாகவே நாடுபவருக்கு மலிவான வகையின் சக்கரமே மேலானது என்பது விற்பனையாளர்கள் எடுத்துச் சொல்லாத உண்மை. மொத்த விட்டத்தை மாற்றுவோர் வேகமானியையும் மனத்தில் கொள்ள வேண்டும். 195/80 ஆர் 15 அளவில் வரும் மாருதி ஜிம்னிக்கு 215/75 ஆர் 15 பொருத்தினால் விட்டம் 693 மில்லிமீட்டரிலிருந்து 703-க்குச் சற்று மேல் உயர்கிறது. இந்த ஒன்றரை விழுக்காட்டு மாற்றம் பொறுக்கத்தக்கது. அதைப் பலமடங்கு மீறிய டயர்கள் வேகமானியைப் பொய்யாக்கி, பற்சக்கர விகிதத்தைக் கெடுத்து, திருப்பத்தில் சக்கர வளைவை உரசும்.

காற்றைக் குறைப்பதன் மறுபக்கம் பற்றி இனி விரிவாகப் பேசியாக வேண்டும். ஏனெனில் மண்ணில் உதவிய அதே தந்திரம் சாலையில் உயிரைப் பறிக்கக்கூடியது. அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் வால்ட்டர் ஹோர்ன் 1960-களில் விமான டயர்களைக் கொண்டு நடத்திய ஆய்வுகளிலிருந்து பிறந்த சூத்திரம், வடிய வழியில்லாத நீரின்மேல் டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்பதைக் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு இணைக்கிறது. கார் டயருக்கு அதைத் தோராயமாகவே கொள்ள வேண்டும் என்றாலும், அதன் போக்கு தெளிவானது: 32 பி.எஸ்.ஐ.யில் மணிக்கு 94 கிலோமீட்டரை ஒட்டி வரும் மிதப்பு, 18 பி.எஸ்.ஐ.யில் 71-ஐ ஒட்டியே வந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில், மலையிலிருந்து இறங்கிய களைப்போடு, குறைத்த காற்றை மீண்டும் ஏற்றாமல் நெடுஞ்சாலையைப் பிடிப்பவர் தம்மையறியாமல் இந்தச் சூத்திரத்தைச் சோதித்துப் பார்க்கிறார்.

வெப்பம் இதைவிடக் கொடியது. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக நெளிகிறது. தயக்கத்தால் பிறக்கும் சூடு எஃகுப் பட்டைகளின் ஓரங்களில் சேர்கிறது. அங்கே தோன்றும் விரிசல் வளர்ந்து, ஒரு கட்டத்தில் பட்டன் பகுதி முழுவதுமே உரிந்து பறக்கிறது. அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்ட ஃபயர்ஸ்டோன் டயர்கள் இவ்வாறு உரிந்ததால் வண்டிகள் கவிழ்ந்து 271 பேர் இறந்ததாக அந்நாட்டுச் சாலைப் பாதுகாப்புத் துறை கணக்கிட்டது; 2000 ஆகஸ்டில் ஏறக்குறைய 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் ஒரு வகையின் பெயரிலேயே ஏ.டி. என்ற எழுத்துகள் இருந்தன. வண்டியோ, இங்கே பேசப்படுவதைப் போல அலுவலகத்துக்கும் காட்டுப்பாதைக்கும் பொதுவாக விற்கப்பட்டது. வண்டி நிறுவனம் 26 பி.எஸ்.ஐ. அழுத்தத்தைப் பரிந்துரைத்திருந்தது, டயர் நிறுவனம் 30 வேண்டும் என்றது, இரண்டும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. டயரின் கட்டமைப்புக் குறையும் வண்டியின் கவிழும் இயல்பும் சேர்ந்த அந்தத் துயரத்துக்கு அழுத்தம் மட்டுமே காரணமன்று. ஆனால் வெயிலும் வேகமும் சுமையும் கூடிய இடத்தில் நான்கு பி.எஸ்.ஐ.யும் சிறு தொகையன்று என்பதை அது உலகுக்கு உணர்த்தியது. டயரின் அழுத்தம் குறைந்தால் ஓட்டுநரை எச்சரிக்கும் கருவி அமெரிக்காவில் கட்டாயமானது இதன் தொடர்ச்சியே.

ஆகவே குறைத்த காற்றோடு ஓட்டும் வேகத்துக்கும் எல்லை வேண்டும். சரளைக்கல் பாதைக்கு 24 முதல் 26 வரை, பாறைக்கு 20-ஐ ஒட்டி, மணலுக்கு 15 முதல் 18 வரை என்பது பழகியவர்கள் பின்பற்றும் தோராயம். மணலின் அழுத்தத்தில் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டாதிருப்பதும், கூர்மையாகத் திருப்பாதிருப்பதும் நல்லது. சாதாரண ரிம்மில் 12-க்குக் கீழே போனால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவலாம். மலையேறும்போது அழுத்தமானி காட்டும் எண் குழப்பம் தரக்கூடும் என்பதால் அதையும் இங்கே தெளிவுபடுத்தலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால், உள்ளே காற்று மாறாமலே மானியில் ஏறக்குறைய 3 பி.எஸ்.ஐ. கூடித் தெரியும்; ஆனால் 15 பாகை குளிர்ந்தால் உள்காற்று சுருங்கி 2 பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேல் குறைகிறது. இரண்டும் பெரும்பாலும் ஈடாகிவிடுவதால் உதகைப் பயணத்துக்கென்று தனியே காற்றை மாற்ற வேண்டியதில்லை.

இவ்வளவையும் வைத்துத் தேர்வுக்கு வரும்போது, முதலில் செய்யவேண்டியது ஆண்டின் கிலோமீட்டர்களைக் கூட்டுவது. நாளொன்றுக்கு 30 கிலோமீட்டர் வீதம் 250 வேலைநாளில் 7,500 கிலோமீட்டர். மாதம் ஒரு முறை மலைக்கோ மணலுக்கோ போய்வர நெடுஞ்சாலையில் 300 வீதம் 3,600. தடத்தில் உண்மையில் உருளுவது ஒவ்வொரு முறையும் 20 வீதம் 240. மொத்தத்தில் மண்ணின் பங்கு நூற்றுக்கு இரண்டைச் சற்றே தாண்டுகிறது. எஞ்சிய 98 பங்கில்தான் குழந்தை குறுக்கே ஓடுவதும், முன்னால் செல்லும் பேருந்து திடீரென நிற்பதும் நிகழ்கின்றன. மண்ணில் தோற்றால் வண்டி சிக்கிக்கொள்ளும். கயிறும் மண்வெட்டியும் பொறுமையும் மீட்டுத் தரும். மழைச்சாலையில் தோற்றால் அவ்வாறு மீள முடியாது. எனவே மேற்கண்ட கணக்கோடு பொருந்தும் பெரும்பாலோருக்கு ஏற்றது, பட்டன்கள் நெருக்கமாகவும் மெல்லிய கீறல்கள் நிறைந்தும் அமைந்த மிதமான ஏ.டி. டயர், வண்டி நிறுவனம் குறித்த விட்டத்தில், அனுமதிக்கப்பட்ட ரிம்களில் சிறியதோடு. கல் மிகுந்த தடங்களுக்கு அடிக்கடி போகிறவர் அதே பட்டன் அமைப்பில் வலுவான பக்கச்சுவரைக் கேட்டு வாங்கலாம். செம்மண் தடமும் பண்ணைச் சாலையும் போதும் என்பவருக்கு நல்ல எச்.டி. டயரும் கம்ப்ரசருமே போதுமானவை. எம்.டி. டயர், சேற்றில் இறங்குவதே வேலையாகக் கொண்டவர்களுக்கு. நகரத்தில் தினமும் ஓட்டும் வண்டியில் அது பெரும்பாலும் அலங்காரம்தான், அதுவும் இரைச்சலிடும் அலங்காரம். எரிபொருள் இழப்பை மட்டும் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. உருளல் தடை 10 விழுக்காடு குறைந்தால் எரிபொருள் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு மிச்சமாகும் என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் 2006 அறிக்கை மதிப்பிட்டது, ஏ.டி. டயரால் கூடும் செலவையும் அந்த அளவுகோலாலேயே அளக்கலாம்.

வாங்கிய பின் இரண்டு செய்திகள் கவனத்துக்குரியவை. இந்தியச் சட்டம் கார்களுக்கு 1.6 மில்லிமீட்டர் வரை பட்டன் தேய்வதை அனுமதிக்கிறது. அந்த அளவை எட்டும் முன்பே மழைப்பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், மழைக்காலத்துக்கு முன் 3 மில்லிமீட்டரில் மாற்றிவிடுவது பாதுகாப்பு. குறைவாக ஓடும் வண்டியில் பட்டன் தேயும் முன் ரப்பர் முதுமை அடைந்து வெடிப்புவிடும். பக்கச்சுவரில் உள்ள நான்கிலக்க எண்ணில் முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டுவதால், 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரத்தில் பிறந்தது என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளலாம்.

நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் நான்கு டயர்களும் ஒரே விட்டத்தில் இருக்க வேண்டியது அவசியம். விட்டம் வேறுபட்டால் முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழன்று இயக்கத் தொடரை முறுக்கும். அதனால் உபரிச் சக்கரமும் அதே அளவில், அதே வகையில் இருந்தால், ஐந்தையும் சுழற்சி முறையில் மாற்றி மாற்றிப் பொருத்தி எல்லாவற்றையும் ஒன்றாகத் தேயவைக்கலாம். அவ்வாறு இல்லாதபோது, தடத்தின் நடுவே டயர் கிழிந்து பொருத்திய புத்தம்புது ஐந்தாவது சக்கரம், தேய்ந்த மூன்றோடு ஒத்துப்போகாமல் திரும்பும் வழியெல்லாம் தொல்லை தரும். ஜிம்னியிலும் தாரிலும் இந்த ஐந்தாவது சக்கரம் பின்கதவில் தொங்குகிறது. பெரிய, கனமான டயரை விரும்புவோர் அந்தக் கதவின் கீல்கள் எந்த எடைக்கென்று செய்யப்பட்டவை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணத்தைக் கட்ட வேண்டும்.